புதுப் பெயின்ற் அடித்த வீடு: பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி, 18.07.2024

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். கடற்கரைக்கு முந்நூறு மீட்டர் வரும். 14 பேர்ச் காணி, 2008இல் கட்டினது, மேலே சிலாப், பின்பக்கம் குசினிக்கு மட்டும் சீற். உறுதி, பிளான் எல்லாம் சட்டத்தரணி பார்த்துவிட்டார். மாமா சொல்கிறார், அட்வான்ஸ் கொடுக்க முந்தி வீட்டையும் விசயம் தெரிந்த ஒருவருக்குக் காட்டு என்று. எனக்கு அது வீண் செலவாகப் படுகிறது. வீடு கண் முன்னால் நிற்கிறது. சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. புதுசாகப் பெயின்ற் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. இதில் பார்க்க என்ன இருக்கிறது?

18.07.2024, இரவு

தம்பி, அந்தப் பளிச்சுத்தான் எனக்குப் பயம். விற்க முந்தி பெயின்ற் அடிப்பது குற்றமில்லை, பொம்பிளை பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைக் கூட்டத்தானே செய்வோம். ஆனால் பெயின்ற் அடித்தவர் எங்கே அடித்தார் என்று பார்க்காதீர்கள், எங்கே அடிக்கவில்லை என்று பாருங்கள். கதவின் மேல் விளிம்பு. சிங்குக்குக் கீழ் இருக்கும் கபேட்டின் உள்பக்கம். மீட்டர் பெட்டிக்குள். அலுமாரியை நகர்த்தினால் தெரியும் சுவர். வீட்டின் பழைய கதை அந்த இடங்களில்தான் கிடக்கும்.

நான் பொறியியலாளர் இல்லை. சைட் சுப்பவைசராகத் தொடங்கி, சுனாமிக்குப் பிறகு கட்டின வீடுகளில் சில வருடம் நின்று, இப்போது வாங்குகிறவர்களுக்காக வீடு பார்த்துச் சொல்கிறேன். என் பைக்குள் இருப்பது ஒரு டோர்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு போளை. போளை எதற்கென்றால், பாத்ரூம் தரையில் உருட்டிவிட. தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கம் உருண்டால் சரி. வாசல் பக்கம் உருண்டால் அந்த வீட்டில் ஒரு கால்மிதி எப்போதும் ஈரமாகவே கிடக்கும்.

கரண்டுக்கு ஒரு விசயம். கரண்ட் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிச்சில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அமத்திப் பாருங்கள். டக்கென்று விழுந்தால் ஏர்த் சரி.

இன்னொன்று, நீங்கள் வீடு பார்ப்பது ஆடியில். இப்போது கச்சான் காற்று, தரையில் இருந்து அடிக்கிற வெக்கைக் காற்று. ஒழுகுகிற வீடும் காய்ந்து முறுகி நல்ல பிள்ளையாக நிற்கும் காலம் இது. எங்கள் ஊருக்கு மழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும். வாடை கடல் பக்கம் இருந்து மழையைச் சாய்த்துச் சுவரில் அடிக்கும். அட்வான்ஸ் இப்போது கொடுத்தாலும், முழுக்காசு கொடுக்க முந்தி மாரியில் ஒருதரம் அந்த வீட்டுக்குள் போய் நில்லுங்கள்.

19.07.2024

ஃபேன் கொக்கியை மறந்துவிட்டேன். சிலாப் போடும்போதே கம்பியை வளைத்து உள்ளே விட்டிருப்பார்கள். கீழே இருந்து பார்த்தால் ஃபேனின் கிண்ணம் மறைத்துவிடும். கடற்காற்று அந்தக் கிண்ணத்துக்குள் போய் வருடக்கணக்காகத் தங்கும். கிண்ணத்தை இறக்கிவிட்டுக் கொக்கியைப் பாருங்கள். ஃபேன் புதிசு என்று விற்பவர் சொன்னால் இன்னும் கவனமாகப் பாருங்கள். புது ஃபேன் பழைய கொக்கியில்தான் தொங்கும்.

21.07.2024

மாமாவின் பேச்சு எடுபட்டிருக்கிறது. இன்று காலை தம்பியோடு போய் அந்த வீட்டைப் பார்த்தேன். அவரே இங்கே எழுதச் சொன்னார், எழுதுகிறேன். விற்பவருடைய ஆள் ஒருவரும் கூட நின்றார், பாவம், எல்லாக் கதவையும் திறந்துவிட்டே களைத்துப்போனார்.

முதலில் போர்ட்டிகோ. முன் பீமின் அடியில், பெயின்றுக்குள்ளால், ஒரு கோடு. வெடிப்பு என்று சொல்ல முடியாத அளவு மெல்லியது, ஆனால் அளவுகோல் வைத்துக் கீறியது போல நேர்க்கோடு. சாந்து காய்ந்து வருகிற வெடிப்பு அங்கும் இங்கும் கிளை விட்டு ஓடும். பீமின் நீளத்துக்கு, விளிம்போடு நேராக ஓடுகிற கோட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கம்பி கிடக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினேன். ஒரு முனையில் இருந்து ‘டக், டக்’ என்று வந்து நடுவில் ‘டொப்’ என்றது. அந்த ஆளிடம் கேட்டுவிட்டு அந்த இடத்தில் நகம் அளவுக்குச் சுரண்டினேன். பெயின்ற், அதற்குள் பட்டி, அதற்குள் பழுப்புக் கறை.

நடப்பது இதுதான். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் வரைக்கும் கம்பி துருப்பிடிக்காது, கொங்கிறீட்டின் காரத்தன்மை அதைக் காக்கும். கடல் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் அந்தக் காவல் போய்விடும். துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கில் இருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் கொங்கிறீட்டை வெளியே தள்ளும். கடலுக்கு இவ்வளவு கிட்டக் கம்பிக்கு மேல் நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் கொங்கிறீட் இருக்க வேண்டும். நான் பார்த்த பல பீம்களில் இருபது கூட இல்லை. மேசன்மாரைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பிக்குக் கீழ் சின்னக் கட்டை வைக்காமல் ஊற்றினால் கம்பி பலகையில்தான் படுக்கும்.

திருத்தலாம், வீடு விழப்போவதில்லை. ஆனால் பட்டி பூசுவது திருத்தம் இல்லை. கழன்றதை உடைத்து, கம்பியைச் சுற்றித் துருவை எடுத்து, தேவையென்றால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, அதற்கான சாந்தால் மூட வேண்டும்.

இரண்டாவது, உள் அறை. பாத்ரூமுக்கு அடுத்த சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் பொருமி நிற்கிறது. கையால் தடவினால் மா மாதிரி உப்புக் கொட்டுகிறது. அத்திவாரத்துக்கு மேல் டி.பி.சி., அதாவது ஈரம் ஏறாமல் தடுக்கும் படை, போடாமல் விட்டிருக்கிறார்கள், நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. சுவரை அடியில் துண்டு துண்டாக வெட்டித் தடுப்பு வைக்க வேண்டும், செலவான வேலை, விலையில் குறைத்துக் கேளுங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

மலசலகூடக் குழி பிரச்சினை இல்லை. மணல், தண்ணீர் விட்ட உடனேயே இழுக்கிறது.

22.07.2024

கடல் மண் போட்டுக் கட்டினார்களா என்று அறிய, சுவரை நக்கிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் ஐயா. உப்புவெளியில் எந்தச் சுவரை நக்கினாலும் உப்புத்தான், ஊரின் பேரிலேயே எழுதி வைத்திருக்கிறது.

சாந்தைச் சுரண்டினால் சிப்பித் துண்டு தெரிகிறதா என்று பார்க்கலாம். அதுவும் முடிவான சாட்சி இல்லை, ஆற்று முகத்தில் அள்ளும் மண்ணிலும் சிப்பி வரும். வெறும் கல்லுச் சுவரில் உப்பு மண் என்றால் பூத்துப் பெயின்றைக் கெடுக்கும், அவ்வளவுதான். கம்பி உள்ள கொங்கிறீட்டில் போட்டிருந்தால்தான் வீட்டுக்குக் கேடு.

04.08.2024

ஆடி அமாவாசை. கோணேசர் தீர்த்தமாடி, கடலடியெல்லாம் சனம். வேலை இல்லை, ஆகவே நீட்டி எழுதுகிறேன்.

கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஐம்பது அடி என்பது வழமையாகச் சொல்லும் கணக்கு. ஆனால் அடிக்கணக்கை விட நிலம் முக்கியம். எங்கள் ஊரில் பத்து நிமிடம் மோட்டார் சைக்கிளில் போனால் நிலம் தலைகீழாக மாறிவிடும். உவர்மலையில் பாறை. அங்கே குழி வெட்டுவது ஒரு பாடு, வெட்டின குழி தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்பது இன்னொரு பாடு. குழி நிரம்பி, சரிவில் கீழ்வீட்டு மதிலால் கசிந்து, இரண்டு வீட்டுக்கும் கதை இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் மண்ணைத் தாங்கி நிற்கும் மதிலில் தண்ணீர் வடியக் குழாய் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மழைக்கு மதில் வயிறு தள்ளும்.

அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரமாகப் போனால் எல்லாம் மணல். அங்கே குழி நன்றாக உறிஞ்சும். எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் காணியில் ஐம்பது அடி விட்டிருப்பீர்கள், பக்கத்து வளவுக்காரர் தன் குழியை உங்கள் கிணற்றுக்கு இருபது அடியில் வெட்டியிருப்பார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

மணல் நிலத்துக் கிணறு பற்றி இன்னொன்று. நல்ல தண்ணீர் அங்கே உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, பாலுக்கு மேல் ஆடை மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். பெரிய மோட்டர் வைத்து வேகமாக இறைத்தால் கிணறு உவர்க்கத் தொடங்குவது அதனால்தான். ஆகவே வீடு பார்க்கும்போது காலையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலம் மோட்டர் ஓடவிட்டு இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள். அந்த இரண்டாவது வாயை ஒருவரும் குடிப்பதில்லை.

06.08.2024

முதல் நாள் எழுதினதில் ஒரு பிழை. பிழை என்றால் ஆபத்தான பிழை. வயரிங் வேலை செய்யும் மச்சான் ஒருவர் வாசித்துவிட்டுப் போன் பண்ணி ஏசினார்.

ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அமத்தினால் அது விழுகிறது என்றால், அந்தச் சுவிச் வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஏர்த் இருக்கிறதா என்று அந்தப் பொத்தானுக்குத் தெரியாது, தனக்குள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கித்தான் அது சோதிக்கிறது. ஏர்த் வயர் அறுந்து கிடந்தாலும் டக்கென்று விழும். நான் எழுதின ‘ஏர்த் சரி’ என்பதை அழித்து வாசிக்கவும்.

ஏர்த் இல்லாத வீட்டிலும் அந்தச் சுவிச் உயிர் காக்கும்தான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழ வேண்டும். ஆனால் ஏர்த் இருந்தால் ஃபிரிட்ஜ் கசியத் தொடங்கும்போதே விழும். இல்லாவிட்டால் யாராவது ஃபிரிட்ஜைத் தொடும் வரைக்கும் காத்திருக்கும். மணல் நிலத்தில் ஏர்த் கம்பி இறக்கியிருந்தாலும் கோடையில் காய்ந்த மணல் கரண்டை நன்றாக எடுக்காது. கம்பியோடு வயரைப் பிடிக்கும் கிளிப் உப்பில் பச்சை பிடித்து உதிர்ந்திருக்கும். அந்தக் கிளிப்பைக் கண்ணால் பாருங்கள், மிச்சத்தை மீட்டர் வைத்திருக்கும் ஆளிடம் விடுங்கள்.

அதே மச்சான் சொன்ன இன்னொன்று. ஏசி பூட்டினவர்கள் பழைய பிளக் லைனில் இருந்து இழுத்துவிட்டு, பிரேக்கர் விழுகிறது என்று பெரிய பிரேக்கர் மாற்றி வைத்திருப்பார்களாம். பிரேக்கர் விழாமல் விட்டது, இப்போது வயர் சுடுகிறது.

15.09.2024

லண்டனில் இருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு வீடு வாங்குகிறாராம், புரோக்கர் வாட்ஸப் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாராம், போதுமா என்று கேட்கிறார்.

போதாது பிள்ளை. ஆனால் அதுதான் வழி என்றால் இப்படிச் செய்யுங்கள். போனை வைத்திருக்கிறவரை எல்லாப் பைப்பையும் ஒன்றாகத் திறக்கச் சொல்லுங்கள், அதே நேரம் மலசலகூடத்தில் தண்ணீர் இழுக்கச் சொல்லுங்கள். பைப்பில் தண்ணீர் நூலாகிறதா, தரை ஓட்டையால் தண்ணீர் மேலே வருகிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் எங்காவது தண்ணீர் ஓடும் சத்தமோ மோட்டர் எழும்பும் சத்தமோ கேட்கிறதா? புரோக்கர் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது நடக்கிற காரியமா என்று கேட்கக் கூடாது.

12.10.2024

என் வீட்டுக் கதை. சொல்ல வெட்கம்தான்.

எங்கள் பிரஷர் மோட்டர் இரவில் தானாக எழும்பி, கொஞ்சம் ஓடி, நின்று, கால் மணித்தியாலம் கழித்து மறுபடி எழும்பும். வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று, ஒரு பைப்பும் திறந்தில்லை. மனைவி மூன்று மாதமாகச் சொல்கிறார். நான் மற்ற ஆட்களுக்கு வீடு பார்க்கிற ஆள், பார்த்த உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வ் பிடிக்கவில்லை, தண்ணீர் திரும்பி இறங்குகிறது. ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் மகனும் கிணற்றில் இருந்து பைப்பைத் தூக்கி, புது வால்வ் போட்டு, இறக்கி, முதுகு பிடித்துப் படுத்தேன். இரவு மோட்டர் எழும்பியது.

அடுத்த நாள் மனைவி மலசலகூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கரண்டி மஞ்சள் தூள் கரைத்துவிட்டு, ஒருவரும் போகக் கூடாது என்று கதவைச் சாத்தினார். அரை மணித்தியாலத்தில் கீழே கோப்பையெல்லாம் மஞ்சள். தொட்டியின் அடி ரப்பர் இற்றுப்போய், சத்தமில்லாமல் தண்ணீர் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். ‘தண்ணி எங்கே போகுதெண்டு பார்க்க நிறம் போடத்தானே வேணும்’ என்றார்.

27.11.2024

இரண்டு நாளாக அடைமழை. தாழமுக்கம் கரையோரமாக நிற்கிறது, ஊரில் பல ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்த உப்புவெளி வீட்டுக்குப் போனேன். மற்ற ஆட்களுக்கு அபசகுனமான நாள்தான் எங்களுக்கு முகூர்த்தம்.

நினைத்ததில் சில அப்படியே இருந்தன. வடகிழக்கு அறையின் அலுமினிய ஜன்னல் தண்டவாளத்தில் தண்ணீர் குளம் கட்டி உள்பக்கம் வழிகிறது. தண்ணீர் வெளியே போகும் ஓட்டைகளைப் பெயின்ற் அடைத்துவிட்டது. ஒரு ஆணியால் குத்திவிட்டேன், நின்றுவிட்டது. குசினிச் சீற் சிலாப்பைத் தொடும் இடத்திலும் ஒழுக்கு. பக்கத்து வளவுக்காரர் மண் நிரப்பி உயர்த்தியிருக்கிறார், அவருடைய மழையும் இந்த முற்றத்துக்குத்தான் வருகிறது. ஆடியில் இது ஒன்றும் தெரியவில்லை.

ஆடியில் நான் ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதின குழி, இன்று தண்ணீர் இழுத்தால் ‘களக் களக்’ என்று பேசுகிறது. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருக்கும்போது குழி எங்கே உறிஞ்சும்? மாரியில் மணலும் பாறை மாதிரித்தான். ஆடியில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

இனிப் பெரிய விசயம். அந்த உள் அறைச் சுவர்.

நிலத்து ஈரம் என்றால், இன்று நிலமே தண்ணீராக நிற்கும்போது அந்த ஈரம் இடுப்புக்கு ஏறியிருக்க வேண்டும், வெளிச்சுவர்களின் உள்பக்கமும் நனைந்திருக்க வேண்டும். வெளிச்சுவர் உள்ளே காய்ந்து கிடக்கிறது. உள் சுவர் மட்டும் அதே முழங்கால் உயரம், ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மஞ்சள் தூள் ஞாபகம் வந்தது. நிலத்துக்கு மழைக்காலம், வெயில்காலம் உண்டு. வருடம் முழுக்க ஒரே அளவில் நனைப்பது குழாய்தான்.

மேலே தாங்கிக்குத் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டிவிட்டு, ஒரு தடியை இறக்கி மட்டத்தைக் குறித்துவிட்டு வந்திருக்கிறோம். நாளைக்குத் தெரியும்.

28.11.2024

நான்கு விரல் இறங்கியிருக்கிறது. ஆள் இல்லாத வீடு.

பாத்ரூம் ஷவருக்குப் போகும் குழாய், சுவருக்குள் தரைக்கு ஒரு சாண் மேலே வளையும் முழங்கையில் கசிவு. இரண்டு டைல் உடைத்தோம், கையில் ஈரச் சாந்து வந்தது. முழங்கையின் விலை ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் அளவுதான்.

ஆடியில் நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கடதாசி, கடைசி ஆறு மாதத் தண்ணீர்ப் பில். ஆள் இல்லாத வீட்டுக்கு யூனிட் ஓடியிருப்பது அதில் அச்சடித்தே இருந்திருக்கும். கிணற்றடி மட்டம் ஆழத்தில் கிடந்த நேரத்தில், வெளிச்சுவரெல்லாம் காய்ந்திருக்க, உள் சுவர் மட்டும் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு டி.பி.சி. என்று சொன்னவன் நான். உப்பைக் கண்டதும் கடலையும் நிலத்தையும் நினைத்துவிட்டேன். குழாய்த் தண்ணீர் ஊறினாலும் சுவருக்குள் இருக்கும் உப்பு வெளியே வந்து பூக்கும்.

30.11.2024

விற்பவர் போன் பண்ணினார். ‘டி.பி.சி. இல்லை எண்டு சொல்லி விலை குறைச்சீங்களே ஐயா’ என்றார். நியாயம். தம்பியிடம் சொன்னேன். அவர், போர்ட்டிகோ பீமுக்கு ஆடியில் குறைவாகத்தானே கணக்குப் போட்டோம், அதுவும் இதுவும் சரி என்கிறார். அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நான் அந்த நாள் வாங்கின கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். மனைவிக்கு இது இன்னும் தெரியாது, இந்த இழையை அவர் வாசிப்பதில்லை.

26.12.2024

இருபது வருடம். காலையில் கடற்கரைக்குப் போய்வந்தேன்.

வீட்டு விசயமாக ஒன்று மட்டும் எழுதுகிறேன். அந்த நேரம் கடல் புகுந்த கிணறுகளை எல்லோரும் திரும்பத் திரும்ப இறைத்தோம், உப்புப் போகட்டும் என்று. இறைக்க இறைக்க மணலில் ஊறியிருந்த உப்பும் கீழே இருந்த உப்பும் திரும்ப வந்தது. சில கிணறுகள் எங்கள் அவசரத்தாலேயே இன்னும் கெட்டன. மாரி மழை கழுவத்தான் கிணறு மெல்ல மெல்லத் திரும்பியது. அந்தப் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் 2004க்கு முந்தின சுவரா, பிந்தின சுவரா என்று கேட்டு வையுங்கள். கடலில் நனைந்த சுவர் ஈரக்காற்று வரும்போதெல்லாம் இன்றைக்கும் வேர்க்கும்.

16.01.2025

தம்பி உறுதி எழுதி முடித்து, பொங்கலுக்குப் பால் காய்ச்சிவிட்டார். அதற்கு முதல் நாள் மூன்று ஃபேனையும் இறக்கிப் பார்த்தாராம், படம் அனுப்பியிருக்கிறார். நடு ஹோல் கொக்கி, தண்டு வளைந்து தொங்கும் இடத்தில், பென்சிலை விட மெலிந்துபோய் இருக்கிறது. துரு இலை இலையாகக் கழன்று கிண்ணத்துக்குள் குவிந்திருக்கிறது. மூன்று ஃபேனில் அதுதான் புது ஃபேன். அதற்குக் கீழேதான் சாப்பாட்டு மேசை போட இருந்தார்களாம்.

அந்தக் கொக்கியை விட்டுவிட்டுச் சிலாப்பில் துளைத்துப் புதுசாக ஒன்று பூட்டியாயிற்று, துருப்பிடிக்காத இரும்பில். நல்லது. ‘மற்ற ரெண்டு கொக்கியும் பரவாயில்லை அண்ணை, மேலால பெயின்ற் அடிச்சு விட்டிருக்கிறம்’ என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, துருவைச் சுரண்டிவிட்டா அடித்தீர்கள்?